கோடை விடுமுறையில் அறிவியல்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும் சோதனையை நான் சென்னையிலும் என் மாமா மகன் மதுரையிலும் ஒரே நாளில் செய்தோம். நட்டு வைத்த கம்பின் நிழலிலிருந்து கணக்கிட்ட சூரியக் கோணத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 3.2 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே 460 கி.மீ. என்று போட்டால் விடை 52,000 கி.மீ. வருகிறது. எங்கே தப்பு? (9-ஆம் வகுப்பு மாணவர், சென்னை)

தம்பி, கோணத்தை ரொம்ப நன்றாக அளந்திருக்கிறீர்கள். தப்பு தூரத்தில்தான். 460 என்பது பஸ் போகிற ரோட்டின் நீளம். ரோடு வளைந்து போகிறது, மதுரையும் சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, தென்மேற்கே இருக்கிறது. இந்தக் கணக்குக்கு வடக்கு தெற்காக எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது மட்டும்தான் வேண்டும். அட்லஸை எடுத்து, மதுரை வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு போடு. சென்னையிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்து, வரைபடத்தின் அளவுகோலை வைத்துக் கிலோமீட்டராக மாற்று. 350-ஐ ஒட்டி வரும். 3.2 டிகிரிக்கு 350 கி.மீ. என்றால் முழு வட்டமான 360 டிகிரிக்கு எவ்வளவு? 350-ஐ 360-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் 39,375. உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கி.மீ.

ஒரு எச்சரிக்கை. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று யாராவது சொல்லிக் கொடுத்தால், அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடாதே. அந்த 111 என்கிற எண்ணே பூமியின் சுற்றளவிலிருந்து வந்ததுதான். விடையைக் கேள்விக்குள்ளே போட்டுவிட்டு மறுபடி வெளியே எடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, இரண்டு பேரும் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அளந்தீர்களா? அப்படிச் செய்யக் கூடாது. அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம்தான் அவரவருக்கு உச்சி வேளை. மே நடுவில் அது சென்னையில் சுமார் 12.05, மதுரையில் சுமார் 12.14. பதினைந்து நிமிடம் முன்னாலேயே தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வந்தால் குட்டையான நிழலைத் தவறவிட மாட்டீர்கள்.

கம்பு நிழலின் முனை மங்கலாக இருக்கிறது. எந்த இடத்தில் கோடு போடுவது? (அதே மாணவரின் மாமா மகன், மதுரை)

இதைக் கவனித்ததற்காகவே உன்னைப் பாராட்ட வேண்டும். பலர் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் 1 மீட்டர் கம்பின் நிழல்முனை 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கித்தான் தெரியும். 1 செ.மீ. பிசகினால் கோணத்தில் அரை டிகிரிக்கு மேல் போய்விடும். உங்கள் மொத்த வித்தியாசமே 3.2 டிகிரி என்றால் அது எவ்வளவு பெரிய பிசகு என்று பார்.

கம்பின் உச்சியில் சின்ன ஓட்டை போட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டு. நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது சூரியனின் பிம்பம். அந்த வட்டத்தின் மையத்தைக் குறித்துக்கொள். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துப் பார். ஓட்டை வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதே.

புத்தகத்தில் உச்சி வேளை நிழல் வடக்கே விழும் என்று இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே விழுகிறதே? (பலர்)

நீங்கள் பார்த்ததுதான் சரி. சூரியன் மதுரைக்கு நேர் மேலே ஏப்ரல் 16 வாக்கிலும், சென்னைக்கு நேர் மேலே ஏப்ரல் 24 வாக்கிலும் வரும். அப்புறம் வடக்கே போய்விட்டு, ஆகஸ்டில்தான் திரும்பி வரும். சென்னைக்கு அது ஆகஸ்ட் 18 வாக்கில். நடுவில் உள்ள நாட்களில் உச்சி நிழல் தெற்கேதான் விழும். ஏப்ரல் 16-க்கும் 24-க்கும் இடையே இந்தச் சோதனையைச் செய்தால் மதுரையில் நிழல் தெற்கே, சென்னையில் வடக்கே. அப்போது இரண்டு கோணங்களையும் கழிக்காமல் கூட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வாரம் அது.

இரண்டு நாள் மேகமாக இருந்தது. அந்த நாட்களுக்கு முன்பின் நிழல் அளவுகளைப் பார்த்து ஒரு எண்ணை நிரப்பிக்கொள்ளலாமா? (8-ஆம் வகுப்பு மாணவி, வேலூர்)

வேண்டாம் பாப்பா. "மேகம்" என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விடு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கேதான் 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். அந்தப் பழைய படங்களை இன்றைக்கும் ஆராய்கிறார்கள். பார்த்ததை மட்டும் பதிந்த பதிவு என்பதால்தான் நம்பி எடுக்க முடிகிறது. உன் நோட்டும் அப்படி இருக்கட்டும்.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தோம். வெள்ளையாக நூல் மாதிரி வந்தது முழுக்க டி.என்.ஏ.தானா? (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

முழுக்க இல்லை. டி.என்.ஏ. அதில் இருக்கிறது, ஆனால் பழத்தில் உள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருளும் புரதமும் சேர்ந்தே வருகின்றன. பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் எதற்கு, உப்பு எதற்கு, ஆல்கஹால் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டுச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தடவை செய்து கைதட்டுவதைவிட அதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இஸ்ரோவின் யுவிகாவில் சேர என்ன செய்ய வேண்டும்? கல்லூரி மாணவர்களுக்கு ஏதாவது உண்டா? (பலர்)

யுவிகா என்பது இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் இளம் விஞ்ஞானி பயிற்சி. 2019-இல் தொடங்கியது, 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கானது. 8-ஆம் வகுப்பு மதிப்பெண்ணோடு அறிவியல் கண்காட்சி போன்றவற்றையும் பார்க்கிறார்கள். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு, தயங்காமல் போடுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்) சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. கோடைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே வந்துவிடும், மார்ச்சில் தேடினால் கிடைக்காது.

ஐயா, முகாமுக்குப் பணம் கட்ட வசதியில்லை. என் மகள் 7-ஆம் வகுப்பு. வீட்டிலேயே என்ன செய்யலாம்? (ஒரு தாய், திருச்சி)

அம்மா, உங்கள் வீட்டு மண்பானை போதும். பெயிண்ட் அடிக்காத ஒரு பானை, ஒரு எவர்சில்வர் பாத்திரம், இரண்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர். நிழலில் வைத்து மணிக்கு ஒரு தடவை எடையையும் வெப்பத்தையும் எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, பள்ளி ஆய்வகத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 10 கிராம் குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர வேண்டும். அவள் அளக்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் குளிர்ந்திருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பதை அந்த வித்தியாசத்திலிருந்தே அவளால் கணக்குப் போட முடியும்.

அந்தப் பானைச் சோதனையை நானும் செய்தேன். சென்னையில் பெரிதாகக் குளிரவே இல்லையே? (10-ஆம் வகுப்பு மாணவர், திருவொற்றியூர்)

கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறிக் காற்றில் காட்டு. அது எந்த அளவுக்கு இறங்குகிறதோ, அதற்குக் கீழே பானைத் தண்ணீர் போகாது. திருச்சிப் பிள்ளையும் இதை அளந்தால் இரண்டு ஊரையும் ஒப்பிடலாம். உன் பானை அதற்கும் கீழே காட்டினால், முதலில் இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.