வாசகர் கேள்வி பதில்: ஆள்காட்டி கத்துவதற்கு முன்னால்

கேள்வி: கால்வாயை ஒட்டிய பாதையில் வாரந்தோறும் மிதிவண்டி ஓட்டுகிறேன். அதே பாதையில் நடந்து செல்லும் நண்பர் மீன்கொத்தி, ஆமை, நீர்நாய் என்று அடுக்குகிறார். எனக்குக் கிடைப்பதெல்லாம் பறந்து மறையும் பறவையின் வால் மட்டுமே. மிதிவண்டியில் போனால் இவ்வளவுதானா?

பதில்: மிதிவண்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை; ஓட்டும் வேகத்தையும் நிறுத்தும் முறையையும் மாற்றினால் போதும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நொடிக்கு 5 மீட்டர் கடக்கிறார். 40 மீட்டர் தொலைவில் கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியைக் கண்ணால் தேடி, கண்டு, இன்னதென்று அறிந்துகொள்ள அவருக்கு 8 நொடிகளே உள்ளன. வேகத்தைப் பாதியாக்கினால் அந்த நேரம் இரட்டிப்பாகும். பார்வையை முன்சக்கரத்துக்கு அருகில் வைத்திருப்பது பலருக்குப் பழக்கம். பாதை சீராக உள்ள இடங்களில் அதை உயர்த்தி, தொலைவில் நீரின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகள், மதகுச் சுவர்கள், பாதி மூழ்கிய மரத்துண்டுகள் ஆகியவற்றின் மீது ஓட விடுங்கள். உட்காரத் தகுந்த இடங்கள் அவைதான் என்பதால், பறவையைத் தேடுவதைவிட இருக்கையைத் தேடுவது எளிது. கிளைக்குக் கீழே இலைகளில் வெள்ளையாக எச்சம் படிந்திருந்தால், பறவை இப்போது இல்லையென்றாலும் அடுத்த வாரம் அங்கே மெதுவாகப் போகலாம்.

அடுத்தது ஓசை. மிதிவண்டி ஓசையற்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மிதிப்பதை நிறுத்திய உடனே பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் 'கிரிக் கிரிக்' என்று ஒலிக்கத் தொடங்குகிறது; நாம் எதையோ கண்டு மிதியை நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் அது ஒலிக்கிறது என்பதே வேடிக்கை. விலங்கைக் கண்டதும் மிதியை நிறுத்தாமல், குறைந்த வேகத்தில் சீராகச் சுற்றிக்கொண்டே கடந்து செல்லுங்கள். ஒரு மரமோ புதரோ மறைக்கும் இடம் வந்த பிறகு இறங்கித் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு விலங்கும் அச்சம் தரும் ஒன்று எவ்வளவு நெருங்கும் வரை பொறுக்கும், எந்தத் தொலைவில் ஓடத் தொடங்கும் என்பதைச் சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் 'தப்பியோடும் தொலைவு' என்ற கருத்தாக விளக்கினார். தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும் ஓர் உருவத்துக்கு அந்தத் தொலைவு பெரும்பாலும் குறைவாகவும், திடீரென்று நின்று தன்னையே உற்றுப் பார்க்கும் உருவத்துக்கு அதிகமாகவும் இருப்பதைப் பாதையில் சில வாரங்கள் கவனித்தாலே நீங்கள் உணர்வீர்கள்.

இதிலெல்லாம் தேர்ந்த பிறகும் நம்மைக் காட்டிக்கொடுக்க ஒரு பறவை இருக்கிறது. ஆள்காட்டிக்கு அந்தப் பெயரை இட்டவர் அதனிடம் பலமுறை ஏமாந்தவராகத்தான் இருக்க வேண்டும். தரையில் முட்டையிடும் அது, ஆளைக் கண்டதும் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும்; அந்தக் குரலைக் கேட்டதும் சுற்றியுள்ள மற்ற பறவைகளும் எச்சரிக்கையாகிவிடும். அப்போது நின்று காத்திருப்பதில் பயனில்லை. அருகில் அதன் கூடு இருக்கலாம் என்பதால் அங்கிருந்து நகர்ந்துவிடுவதே முறை.

கேள்வி: ஆற்றங்கரையைவிடக் கால்வாய்க்கரையில் விலங்குகளைக் காண்பது எளிது என்கிறார்களே, உண்மையா?

பதில்: எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் உண்டு. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நடப்பதற்காகவே பல பழைய கால்வாய்களின் ஓரத்தில் பாதை அமைத்தார்கள். அதனால் அது நீரைவிட்டு விலகுவதில்லை. ஏற்ற இறக்கமும் குறைவு. அமெரிக்காவின் செசபீக் ஒஹாயோ கால்வாய் 1924ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்தை இழந்தது. 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் ஏறத்தாழ 297 கிலோமீட்டர் இழுபாதையில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. படகுகள் ஓய்ந்த இத்தகைய கால்வாய்களில் நீரோட்டம் மெதுவாக இருப்பதால் நீர்த்தாவரங்கள் வளர்கின்றன. அவற்றை நம்பித் தவளை, மீன், தும்பி, ஆமை வருகின்றன. அவற்றை உண்பவை பின்னாலேயே வருகின்றன. நீர், கரைப்புதர், மரவரிசை ஆகிய மூன்றும் சில மீட்டர் அகலத்துக்குள் அடுத்தடுத்து அமைவதால், மூன்றிலும் வாழ்பவற்றை ஒரே பாதையில் இருந்து பார்க்க முடிகிறது.

கேள்வி: விடியற்காலையில் போனால்தான் பார்க்க முடியுமா? என்னால் ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்ப முடியாது.

பதில்: பாலூட்டிகளுக்கும் பெரும்பாலான பறவைகளுக்கும் விடியலே சிறந்தது. ஆனால் ஆமை, பாம்பு, தும்பி, வண்ணத்துப்பூச்சி ஆகியவை தம் உடலைச் சூடேற்ற வெயிலை எதிர்பார்ப்பவை. வெயில் ஏறிய பிறகே ஆமைகள் மரத்துண்டின் மேல் வரிசையாக ஏறிக் கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்பது மணி அவற்றுக்கு நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீரின் கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்தால் மேற்பரப்புக்குக் கீழே நீந்துபவையும் ஓரளவு தெரியும்.

கேள்வி: கொக்கு எது, நாரை எது என்று பறக்கும்போது எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பெயரை நம்பாமல் கழுத்தைப் பாருங்கள். நம் மொழியில் சாம்பல் நாரையும் நாரைதான், நத்தை குத்தி நாரையும் நாரைதான். ஆனால் முதலாவது கொக்கினத்தைச் சேர்ந்தது. கொக்கினப் பறவைகள் பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை போன்றவையும் அரிவாள் மூக்கன்களும் கழுத்தை முன்னால் நீட்டியபடி பறக்கும். மிதிவண்டியில் இருந்தபடியே, ஒரு பார்வையில் முடிந்துவிடும் சோதனை இது.

கேள்வி: எந்த இருநோக்கி வாங்கலாம்? பத்து மடங்கு பெரிதாக்குவது நல்லது என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: நின்று பார்ப்பவருக்கு அது சரி. மிதித்துவந்து மூச்சு வாங்க நிற்பவரின் கை நடுங்கும். உருவம் பெரிதாகும் அளவுக்கு அந்த நடுக்கமும் பெரிதாகும். 8 மடங்கே போதும். 8x42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். அது மங்கலான காலை ஒளியில் உதவும். எடை தொந்தரவாக இருந்தால் 8x32 எடுத்துக்கொள்ளலாம். அதில் அந்த அகலம் 4 மில்லிமீட்டர், ஒன்பது மணிக்குக் கிளம்புபவருக்கு அதுவே தாராளம். கழுத்துவாரில் தொங்கவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஹேண்டில்பாரில் மோதும். தோள்களைச் சுற்றி மார்போடு அணைத்துப் பிடிக்கும் வார்ப்பட்டை அவசியம்.

கேள்வி: பாதையின் குறுக்கே பாம்போ ஆமையோ கிடந்தால் என்ன செய்வது?

பதில்: பாம்பு என்றால் பல மீட்டர் தள்ளி நின்று, அது போகும்வரை காத்திருங்கள், சக்கரத்தால் சுற்றிப் போக முயலாதீர்கள். ஆமை குழி தோண்டிக்கொண்டிருந்தால் முட்டையிட வந்திருக்கலாம், தொடக் கூடாது. வெறுமனே கடந்துகொண்டிருக்கையில் பின்னால் வேறு வண்டிகள் வந்தால் மட்டும், அது எந்தப் பக்கம் நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கமே தூக்கி விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடியும் கடக்கத்தான் முயலும்.

கேள்வி: நீர்நாயை இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் இடத்தோடு படம் பகிரலாமா?

பதில்: நீர்நாயைவிட அதன் தடயத்தை முதலில் பார்ப்பீர்கள். பாலத்தின் அடியிலும் நீரோரக் கற்களின் மேலும், மீன் செதிலும் முள்ளும் கலந்த கழிவை அது அடையாளமாக விட்டுச் செல்லும். அத்தகைய இடம் கிடைத்தால் சற்றுத் தள்ளி அமர்ந்து நீரைப் பாருங்கள். மூழ்கி நீந்தும்போது அதன் மென்மயிரில் சிக்கிய காற்று குமிழிகளாக வரிசையாய் மேலே வருவது தெரியும். படத்தைத் தாராளமாகப் பகிருங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். கூடுகளுக்கும் வளைகளுக்கும் இதே விதிதான். உயிரினப் பதிவுகளைச் சேகரிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையில் மறைத்தே காட்டுகிறது.