பழ ஈயின் பின்மடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழ ஈக்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் என்ற இரண்டு இனங்களும் படத்தில் ஒன்றாகத்தான் தெரிகின்றன. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? வேறுபடும் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி மரபணு உண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண்ணில் பிழை இல்லை. 1919இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் பிரித்துக் காட்டும்வரை ஆய்வாளர்களும் இவற்றை ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள். பெண் ஈக்களைப் பிரித்தறிவது இன்றைக்கும் கடினம்.

ஆண் ஈயைப் பாருங்கள். மயக்கிய ஈயை நுண்ணோக்கியின் கீழ் பக்கவாட்டில் கிடத்தி, வயிற்று நுனியை மெல்லிய தூரிகையால் லேசாகத் திருப்பினால், பிறப்புறுப்பின் இருபுறமும் சின்ன மடல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பின்மடல். மெலனோகாஸ்டரில் அது கொக்கி போல வளைந்திருக்கும். சிமுலன்ஸில் தலைக்கவசம் போல அகன்றிருக்கும். இவற்றின் நெருங்கிய உறவான மொரீஷியானாவில் மெல்லிய விரல்தான். சற்றே தள்ளிய உறவான அனனாசேவில் அப்படி ஒரு மடலே இல்லை. முதன்முறை பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு. இணைசேரும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ள உதவும் உறுப்பு அது.

சரி, இதற்குப் புது மரபணு வந்ததா? இல்லை. புழுவின் வால்புறத்து மூச்சுத்துளையை உருவாக்குகிற அதே மரபணுக் கூட்டத்தின் ஒரு பகுதிதான் இங்கே மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது. 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட அழகான பதிலை நான் அறியேன்.

உறுப்பு தோன்றுவது மட்டுமல்ல, மறைவதும் இப்படியே. செஷெல்ஸ் தீவுகளில் வாழும் செசெல்லியா என்ற பழ ஈயின் புழுவுக்கு, உறவினங்களுக்கு முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் நுண்மயிர்கள் பல இல்லை. காரணம் அந்த மயிர்களை உருவாக்கும் ஷேவன்பேபி என்ற மரபணு. மழித்த குழந்தை என்று பொருள், பொருத்தமான பெயர். அந்த மரபணு கெட்டுவிடவில்லை. முதுகுப்புறத்தில் அதை இயக்கும் சில ஸ்விட்சுகள் மட்டும் அணைந்திருக்கின்றன. மரபணுவே கெட்டிருந்தால், அதே மரபணு உருவாக்கும் அடிவயிற்றுப் பற்களும் போயிருக்கும். புழு ஊர்ந்து நகர்வது அந்தப் பற்களை ஊன்றித்தான்.

அன்புடன்.