பாரிமுனையில் தெரு முழுக்க ஒரே பொருளை விற்கிறார்களே, எல்லோருக்கும் வியாபாரம் எப்படி நடக்கிறது?

நன்றாகவே நடக்கிறது. கல்லூரி லீவில் ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலை பார்த்த வண்ணாரப்பேட்டைக்காரன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

துணிக்கு கோடவுன் தெரு, கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு, கெமிக்கலுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு, பேப்பருக்கும் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு. திருவள்ளூரில் பஸ் ஏறும் கல்யாண வீட்டுக்காரருக்குக் கடைப் பெயர் எதுவும் தெரியாது, தெருப் பெயர் தெரியும், அது போதும். தனியாக வேறு ஏரியாவில் கடை போட்டால் அவரை அங்கே வரவைப்பதற்குள் முதல் கரைந்துவிடும்.

அப்புறம் வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. உங்களுக்கு ஐந்நூறு கார்டு வேண்டும், கடையில் முந்நூறுதான் இருக்கிறது என்று வையுங்கள். "உட்காருங்க சார், குடோன்ல இருந்து எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்பார் முதலாளி, டீயும் வரும். பையன் ஓடுவது பெரும்பாலும் எதிர்க்கடைக்கு. "அண்ணா, அந்தப் பிள்ளையார் கார்டுல எர்நூறு குடு, எழுதிக்கோ" என்று வியாபாரி விலைக்கு வாங்கி வருவான். காலையில் போணிக்காக ஒரே ஆளைக் கைபிடித்து இழுத்த இரண்டு கடைக்காரர்கள்தான் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தீர்ப்பார்கள். அதனால் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் கார்டு விலை பெரிதாக மாறாது, அச்சுக் கூலியில் வேண்டுமானால் பேரம் பேசிப் பாருங்கள்.

கூட்டமாக இருப்பதுதான் முதலீடு என்பதற்கு பாரிமுனைப் பக்கத்து பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியே சாட்சி. 1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது சந்தையாகப் பெயர்ந்துதான் போனது. நாலு பேர் மட்டும் போயிருந்தால் லாரியும் வந்திருக்காது, மூட்டை தூக்க ஆளும் கிடைத்திருக்காது.

கஷ்டமும் கூட்டமாகத்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் கல்யாணம் இல்லையென்றால் மொத்தத் தெருவுக்கும் இல்லை. நல்லவேளையாக அப்போது காலண்டர், டைரி வியாபாரம் கைகொடுக்கும். ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்துகொண்டிருக்கும். நீங்கள் பத்திரிகை அடிக்க வருவதென்றால் அந்த ஆடி ஆரம்பத்திலேயே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், முக்கால்வாசி ஷட்டர் மூடியிருக்கும்.