கொட்டகையில் கற்கும் கால்நடை மருத்துவம்: கேள்வி பதில்

மாணவர்களுடன் பல ஆண்டுகள் கிராமங்களுக்குச் சென்று பயிற்றுவித்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (மாணவர் ஒருவரின் தந்தை): கல்லூரியிலேயே மருத்துவமனை இருக்கும்போது கிராமத்துக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?

பதில்: ஐந்தரை ஆண்டுப் படிப்பில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் நேரடியாகச் செய்து பழகும் காலம். கல்லூரிக்கு வருவது வண்டியில் ஏற்றக்கூடிய மாடு. எழவே முடியாத மாடு கொட்டகையில்தான் கிடக்கும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மாட்டைத் தொடுவதற்கு முன் தீவனத் தொட்டியையும் சாணத்தையும் பாருங்கள், எத்தனையாவது ஈற்று, கன்று போட்டு எத்தனை நாள் என்று கேளுங்கள். கன்று ஈன்ற மறுநாள் கறவை மாடு ஒன்று கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தது. காது சில்லென்றிருந்தது. கன்று ஈன்றதும் இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல் அது; காய்ச்சல் என்று பெயரிருந்தாலும் அந்நோயில் உடல் வெப்பம் பெரும்பாலும் இயல்பைவிடக் குறைந்தே இருக்கும்; அதனால் வெப்பமானியைப் பார்த்த என் மாணவர் குழம்பிவிட்டார். கால்சியத்தை இரத்த நாளத்தில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பது பாடத்தில் ஒரு வரிதான். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துத் துடிப்பைக் கேட்டபடியே சொட்டின் வேகத்தைக் குறைத்தபோதுதான் அந்த வரி அவருக்கு விளங்கியது.

கேள்வி (பால் மாடு வளர்ப்பவர்): கற்றுக்கொள்ள வருபவரிடம் என் மாட்டை எப்படி நம்பி விடுவது?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பரிசோதிப்பவர் மாணவர், மருந்தை முடிவு செய்பவர் மருத்துவர் என்பதை முதலிலேயே உங்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். சினை பார்க்க ஒரே மாட்டில் மாணவர்கள் வரிசையாக ஆசனவாய் வழியே கையை விட்டுப் பார்ப்பதை நான் அனுமதிப்பதில்லை.

கேள்வி (இளம் ஆசிரியர்): களப் பயிற்சிக்குத் தடுப்பூசி முகாம்களே போதுமா?

பதில்: போதா. முகாமில் மாட்டைப் பிடிக்கவும் ஊசி போடவும் பழகலாம்; நோயறியப் பழக முடியாது. சிகிச்சை அளித்த கொட்டகைக்கே சில நாட்கள் கழித்து மாணவரை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். குணமாகாத மாட்டின் முன் நின்று உரிமையாளருக்குப் பதில் சொல்வதும் பயிற்சியே.

கேள்வி (மற்றொரு மாணவர்): எங்கள் பாதுகாப்புக்கு?

பதில்: வெறிநோய்க்கான (ரேபிஸ்) முன்தடுப்பூசி போடாமல் களத்துக்கு வராதீர்கள். எச்சில் வடிக்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று உரிமையாளர் சொன்னாலும், வெறிநோய் இல்லையென்று உறுதிப்படும்வரை வாய்க்குள் கைவிடக் கூடாது. அவரே முன்பு கைவிட்டுப் பார்த்தாரா என்று கேட்டு, ஆம் என்றால் கையைச் சோப்பால் நன்கு கழுவச் செய்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.