கல் பொறுக்கும் பிள்ளைக்கு எட்டு லட்சம் எதற்கு?

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மதினியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தீர்கள். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா அமையும்" என்று சொன்னேன். அது மரியாதைக்குச் சொன்னது. பிள்ளை பக்கத்தில் இருந்ததால் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் மாமா பேசி வைத்திருக்கும் அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு வேண்டாம். செயற்கை நுண்ணறிவுப் படிப்பு மோசமென்று சொல்லவில்லை. அதில் ஆசை உள்ள பிள்ளைகள் படிக்கட்டும். உங்கள் மகளுக்கு அந்த ஆசை இல்லை. நீங்கள் எட்டு லட்சம் என்றபோது அவள் தலை குனிந்தது, கடைசிவரை நிமிரவில்லை. அதை ஈடுகட்ட மதினியின் நகை வங்கிக்குப் போகும் என்றீர்கள். மாமா ஃபீஸ் கட்டப் போவதில்லை, வட்டி கட்டப் போவதில்லை, நாலு வருஷம் வகுப்பில் உட்காரப் போவதும் இல்லை. நகையை எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

"பைத்தியம் மாதிரி கல்லப் பொறுக்கிட்டுத் திரியுதா சார்" என்று நீங்கள் சிரித்தபோதுதான் நான் அந்தப் பென்சில் டப்பாவைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஐந்து கல். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய சின்னக் காகிதம். இரண்டு உங்கள் லாரியிலிருந்து விழுந்த தாழையூத்துக் கல். ஒன்று பள்ளிச் சுற்றுலாவில் அரியலூர் பக்கம் எடுத்தது. அதன் ஓரத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி வரிவரியாய் ஒரு வளைவு. குளியலறை ஆசிட்டைச் சொட்டுவிட்டுப் பார்த்திருக்கிறாள். "மூணு பொங்குது சார், ரெண்டு பொங்கல. ஏன்?" என்று கேட்டாள். மதினி அதட்டினார். அந்த "ஏன்" ஒரு தொழில், அண்ணாச்சி.

பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. பழங்காலக் கடலில் கரைந்திருந்த கார்பன்தான் சுண்ணாம்புக் கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கார்பன் அணுவில் எடை 12 உள்ளது ஒன்று, எடை 13 உள்ளது ஒன்று. இப்படி ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறாக இருப்பவற்றை ஐசோடோப் என்பார்கள். ஆயிரம் அணு எடுத்தால் கனமானது சுமார் 11தான். செடியும் கடல் பாசியும் லேசானதையே அதிகம் இழுக்கும். பாசி மக்காமல் கடலடிச் சேற்றில் நிறையப் புதைந்துபோனால், தண்ணீரில் மிஞ்சியதில் கனமானதின் பங்கு ஏறும். அந்த நேரத்தில் படிந்த சுண்ணாம்பு, உங்கள் லாரி டிரிப் ஷீட் மாதிரி, அந்தக் கணக்கைப் பதிந்து வைத்துக்கொள்ளும். சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் ஏற்றம் வந்தது. கடலின் பல பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்துபோன காலம் அது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் மிகப் பெரிய உயிர் அழிவு நடந்தபோது வந்தது இறக்கம். சீனாவில் மெய்ஷான் பாறைகளில் அது தெளிவாகத் தெரிகிறது.

அளக்கும் விதமும் உங்கள் மகள் செய்ததுதான், கொஞ்சம் சுத்தமாக. கல்லை அறுத்து, பின்னால் வந்து படிந்த வெள்ளைக் கோடுகளை ஒதுக்கி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற டிரில்லால் துளியூண்டு பொடி எடுப்பார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலம் விட்டு, வரும் வாயுவை, கனமானதையும் லேசானதையும் பிரித்து எண்ணும் நிறைநிரல்மானிக்குள் அனுப்பினால், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழான வித்தியாசம்கூடத் தெரியும். ஒப்பிடும் அளவுகோலின் பெயர் பீ டீ பெலம்நைட். முக்கூடல் பீடி இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு புதைபடிவம்.

எல்லாச் சுண்ணாம்பும் உண்மை சொல்லாது. தாழையூத்துக் கல் பூமிக்குள் வெந்து பளிங்காய் மாறியது. சிப்பி, சங்கின் தடம் எல்லாம் அழிந்துபோயிருக்கும். கல்லிலுள்ள ஆக்சிஜனிலும் இதேபோல் கனம், லேசு கணக்கு உண்டு. அப்படி வேகும்போது அது சீக்கிரம் கலைந்துவிடும், கார்பன் கொஞ்சம் பிடிவாதக்காரன். அரியலூர், காரை பக்கத்துக் கல் அவ்வளவு வேகாதது. ஆட்டுக்கொம்பு வளைவு அம்மோனைட்டாக, அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரியாக, இருக்கலாம். டைனோசர் காலத்துக் கடல் அங்கே இருந்தது. எந்தக் கல்லை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நம்பர் போட்டு வைக்கிற பிள்ளைக்கு அது வரும்.

சரி, வழி. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பி.எஸ்ஸி. நிலவியல், அதாவது பாறைகளைப் பற்றிய ஜியாலஜி படிப்பு, இருக்கிறது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், ஹாஸ்டல் செலவு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இப்போதே சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். மூன்றாம் வருஷம் ஜாம் தேர்வில் நிலவியல் தாள் எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி.க்குப் போகலாம். அப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் இரண்டிலும் ஐசோடோப் வேலை நடக்கிறது.

ஒளித்துப் பேசவில்லை: வெறும் பி.எஸ்ஸி.யோடு நின்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அஞ்சு வருஷப் படிப்பு, அதற்குப் பிறகும் தேர்வு, வெயிலில் நடை. ஐசோடோப் ஆய்வில் இடங்கள் குறைவு. அது அமையாவிட்டாலும் சிமென்ட் குவாரிக்கு நிலவியலாளர் வேண்டும், தண்ணீர் தேட ஆள் வேண்டும். "கல்லுப் படிச்சா மாப்பிள்ளை கிடைப்பானா" என்று ஆச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அது என் வேலையும் இல்லை.

மாமாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். அப்புறம் அந்த ஆசிட் பாட்டிலை மேல் அலமாரியில் வையுங்கள். கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தாலே பொங்கும். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.