அமெரிக்க மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி எப்படிப் பதவிக்கு வருகிறார், எப்போது ஓய்வு பெறுகிறார்?

ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்பவர் அவர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு இருப்பதால் விதிகளும் மாறும். மின்னசோட்டாவில் 6 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஓட்டுநர் உரிமம் மாதிரி, வாக்காளரிடம் புதுப்பிக்க வேண்டும். 70 வயதானால் காலம் மீதம் இருந்தாலும் ஓய்வு பெற்றாக வேண்டும்.

அங்கே நீதிபதியாக இருந்த ஆலன் பேஜைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து விளையாடிக்கொண்டே 1978-இல் சட்டப் பட்டம் பெற்றார். பின்பு மாநில அரசு வழக்கறிஞர். 1992-இல், மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தில் பதவியில் இருந்த ஒரு நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே நடக்காத நிலை. பேஜ் வழக்குப் போட்டு வென்றார், தேர்தலிலும் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 2015-இல் 70 வயதில் ஓய்வு.

தலைநகர் வாஷிங்டனில் உள்ள, நாடு முழுமைக்குமான அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பதவி வாழ்நாள் முழுவதும்; பெயர் ஒன்று என்பதற்காக அதையும் மாநில உச்ச நீதிமன்றத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் (நியூயார்க்கிலோ 'உச்ச நீதிமன்றம்' என்பது விசாரணை நீதிமன்றம்!).