புயல் காற்றில் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பாதியில் விட்டுத் திரும்புவது கோழைத்தனமா?

இல்லை. கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் படகில் "திரும்பிடலாம்" என்று சொன்னவர் நீங்கள்தான் என்று தோன்றுகிறது. எங்கள் படகில் அதைச் சொன்னது நான்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பந்தயம். டிசம்பர் 26 அன்று சிட்னியில் கிளம்பி தாஸ்மானியா தீவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல். எங்களுடையது நாற்பது அடிப் படகு, எட்டுப் பேர். முதல் நாள் வடக்குக் காற்று, நீரோட்டமும் தெற்கே தள்ளியது, பறந்தோம். மறுநாள் மாலை காற்று அப்படியே திரும்பி எதிரே தெற்கிலிருந்து அடித்தது. தெற்கே ஓடும் நீரோட்டத்தில் எதிர்க்காற்று மோதினால் அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். படகு உச்சிவரை ஏறும், அந்தப் பக்கம் தாங்க ஒன்றுமில்லாமல் தொப்பென்று விழும். மெயின் பாயை, அதாவது பெரிய பாயை, மூன்றாவது ரீஃப் வரை மடித்துக் கட்டிக் குறுக்கி, முன்னால் புயல் ஜிப் என்கிற குட்டிப் பாய் மட்டும் வைத்திருந்தோம். அப்படியும் ஒவ்வொரு விழுகைக்கும் எலும்பு அதிர்ந்தது.

இரவு பத்து மணிக்கு இருவர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஒருவர் கயிறு இழுக்கும் வின்ச் உருளை மேல் விழுந்து விலாவில் அடி, மூச்சு இழுத்தாலே வலி. மிச்சமிருந்த ஐந்து பேரில் அந்த அலையில் சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருவர்தான், அவர்களுக்கும் விரல் மரத்துவிட்டது. கேபினுக்குள் தண்ணீர் வேறு. இறைக்க இறைக்க வந்துகொண்டே இருந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை.

கிரீன் கேப் முனையைத் தாண்டி, ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் தாஸ்மானியாவுக்கும் நடுவிலுள்ள பாஸ் நீரிணைக்குள் நுழையுமுன், படகும் ஆட்களும் தொடரத் தகுதியாக இருப்பதாக ரேடியோவில் அறிவிக்க வேண்டும். 1998இல் இதே பந்தயத்தில் புயலடித்து, 115 படகுகள் கிளம்பி 44தான் கரை சேர்ந்தன, ஆறு பேர் இறந்தார்கள். அது அங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். படகுத் தலைவரான ஸ்கிப்பர் எங்களைக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "தகுதியா இருக்கோம்னு சொன்னா அது பொய். திரும்பிடலாம்" என்றேன். ஈடன் துறைக்குப் போனோம்.

மறுநாள் பார்த்தால் சாதாரணக் கசிவு, ஒரு சீல் தளர்ந்திருந்தது. எங்களைவிடச் சின்னப் படகுகள் அதே இரவில் நீரிணையைக் கடந்து ஹோபார்ட் போய்விட்டன. அவர்களை மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்களைக் காட்டி என்னை மடக்க வருபவர்கள், அந்தப் படகுகளில் எத்தனை பேர் எழுந்து நிற்கும் நிலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நான் ஒன்றும் பெரிய கடலோடி இல்லை, அது எனக்கும் தெரியும். அந்த இரவில் அந்தப் படகில் இருந்தேன், அவ்வளவுதான்.

   

அடிபட்டவர் இன்றும் என்னோடு படகேறுகிறார். ஒருவர் மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. ஸ்கிப்பர் கேட்டபோது அவரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். உங்களை இப்போது கோழை என்பவர், அன்றைக்குக் கேட்டபோது என்ன சொன்னார்?